கடுவன் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் ராஜபாளையம் பெட்டைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அடுத்து ஹீட்டுக்கு வரும்போது இணை சேர்க்கலாம் என்று எழுதியிருந்தாய். பக்கத்து ஊரில் பரிசு வாங்கிய கடுவன் ஒன்று இருக்கிறது, பால்வெள்ளை, நல்ல உயரம், அதையே சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கடுவன் நல்ல நாயாகவே இருக்கலாம். ஆனால் அதன் மூக்கு, கால், வால் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிய நீ, அதற்குப் பிறந்த குட்டிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

ராஜபாளையத்தில் விசாரணை காதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். காரணம் அந்தப் பால்வெள்ளையிலேயே இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவில் இருக்கும்போதே உடலெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உள்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடிருக்கத் தேவையான உப்புச் சமநிலையை அங்கே அவைதான் காக்கின்றன. மயிர் வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்கும் நாய்களில் இந்தச் செல்கள் தோலின் பெரும்பகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சில குட்டிகளில் உள்காதுக்கும் போகாது. அப்படிப்பட்ட காதில், பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் இரத்த ஓட்டம் சுருங்கி நுண்மயிர்ச் செல்கள் மடிந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது.

சமோயெட் நாயும் வெள்ளைதான், ஆனால் அதன் மூக்கு கருப்பு. நிறச் செல்கள் அங்கே இருக்கின்றன, மயிருக்கு மட்டும் வெளிர் நிறத்தைத் தருகின்றன. அந்த இனத்துக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இது நன்றாக ஆராயப்பட்ட இனம் டால்மேஷியன். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டால்மேஷியன்களின் செவித்திறன் சோதனைகளைத் தொகுத்தார். சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்கவில்லை. நீ கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான். இரண்டு காதும் கேளாத குட்டியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். தூங்கும்போது பின்னாலிருந்து கொத்துச்சாவியைக் குலுக்கினால் அது விழிக்காது. ஒரு காது கேளாத நாய் கூப்பிட்டால் வரும், சீழ்க்கைக்குத் திரும்பும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். அதன் உடைமையாளருக்கே தெரியாமல் பத்து இடத்துக்கு இணை சேர்க்கப் போய்வரும். அதை உறுதியாகக் கண்டறிய இருக்கும் வழி பி.ஏ.இ.ஆர். சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலியைச் செலுத்தி, மூளைத்தண்டில் எழும் மின்துடிப்பைப் பதிவு செய்வார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடைக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி அல்லது பெரிய நாய் மருத்துவமனை எங்கே செய்து தருகிறது என்று விசாரித்து, கடுவனுக்கும் உன் பெட்டைக்கும் செய்துவிடு. முடியாத நிலையில், அந்தக் கடுவனின் முந்தைய ஈற்றுகளில் எத்தனை குட்டி, அவற்றில் எத்தனை செவிடு என்று குட்டி வாங்கியவர்களிடமே நேரில் போய்க் கேள். கடுவன் வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதே.

டால்மேஷியனில் இன்னொரு உண்மையும் தெரியவந்தது. புள்ளிகளாக இல்லாமல் பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு ஒன்றோடு வரும் குட்டிகளில் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் இன இலக்கணம் அந்தத் திட்டைக் குறையாகத்தான் கருதுகிறது. பல தலைமுறையாகத் திட்டுள்ள நாய்களை ஒதுக்கி ஒதுக்கி, நல்ல காதையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மூரிலும் கறையில்லாத பால்வெள்ளைக்கே விலையும் மதிப்பும். காதோரம் கொஞ்சம் பழுப்புப் படிந்த, நன்றாகக் காது கேட்கிற கடுவன் ஒன்று உனக்குக் கிடைத்தால், அந்தப் பழுப்புக்காக அதைக் கழித்துவிடாதே என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, பரிசு வாங்கிய கடுவனை எல்லோரும் தேடி ஓடுவதில் உள்ள ஆபத்து. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒரு மாடு. 1962-இல் அமெரிக்காவில் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்குப் பாலைப் பெருக்கும் மரபு இருந்தது. அதற்கு 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள். அந்தக் காளையின் ஒரு மரபணுவில் கோளாறு இருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அதே கோளாறு வந்து சேர்ந்தால் கன்று வயிற்றிலேயே இறந்துவிடும். உலகம் முழுவதும் சுமார் ஐந்து லட்சம் கருக்கள் இப்படி அழிந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். சீஃப் நோயாளிக் காளை அல்ல, கோளாறான மரபணுவின் ஒரு பிரதி மட்டுமே அதனிடம் இருந்தது. எல்லோரும் ஒரே காளையை நாடியதால், சில தலைமுறை கழித்து அதன் வாரிசுகளே ஒன்றோடொன்று இணைந்தன. ராஜபாளையம் போலச் சிறிய எண்ணிக்கையில் இருக்கும் இனத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே அந்தக் கடுவனின் அப்பன், பாட்டன் யார் என்று கேள். உன் பெட்டைக்கும் அதே நாய்தான் பாட்டன் என்றால் வேறு கடுவனைப் பார். அண்ணன் தங்கையை இணைத்தால், குட்டியின் மரபணு இடங்களில் நான்கில் ஒன்று தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே மூதாதைப் பிரதியாக அமைய வாய்ப்புண்டு. தாய் வேறாக, தந்தை மட்டும் ஒன்றானால் எட்டில் ஒன்று.

உடம்பைப் பார்க்கும்போது இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார். ஒன்று மேலேயே தங்கியிருந்தால் அந்தக் கடுவன் வேண்டாம். அது வம்சத்தில் வருவது. சிறு வயதில் உடம்பெங்கும் டெமோடெக்ஸ் சொறி வந்து தேறிய நாயும் அப்படித்தான். குணமாகியிருந்தாலும் அந்தப் பலவீனம் குட்டிக்குப் போகும்.

இரண்டு நோய்களுக்காக மருத்துவர் முன்னிலையில் சோதனை அவசியம். ஒன்று புரூசெல்லா கேனிஸ். இணைசேர்வில் பரவும் கிருமி, பெட்டைக்குக் கரு சிதையும், மனிதருக்கும் தொற்றும், முழுவதும் ஒழிக்கும் சிகிச்சை இல்லை. இரத்தப் பரிசோதனை இரு பக்கத்துக்கும் வேண்டும். மற்றது இணைசேர்வில் பரவும் கட்டி. புற்றுநோய்ச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இடம்பெயர்ந்து வளரும் வினோத நோய் இது. தெருநாய்கள் நிறைந்த நம் ஊர்களில் அடிக்கடி காணப்படுவது. கடுவனின் குறியின் மேலுறையைப் பின்தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் போல இரத்தம் கசியும் கட்டி தெரியும். வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கேட்கும் என்றாலும், அது முழுவதும் ஆறும்வரை சேர்க்கக் கூடாது.

குணத்தையும் பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக்குக் காவல் இருப்பது வேறு, வீட்டுப் பிள்ளையையே கடிப்பது வேறு. கயிற்றில் கட்டாமல் அது வீட்டாரோடு எப்படிப் பழகுகிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து கவனி.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளையும் மறந்துவிடாதே. பதினெட்டு மாதம் முடியாத நாயை இணைக்கக் கூடாது. பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

நாள் குறிப்பதற்கு ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் என்று விரல் விட்டு எண்ணாமல், புரோஜெஸ்டிரோன் சோதனை செய்து கருமுட்டை வெளிவரும் நாளைத் தெரிந்துகொள். அதிலிருந்து சுமார் 63 நாளில் ஈற்று.

கடுவன் வீட்டாருக்குப் பணமா, ஒரு குட்டியா என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டி ஒன்றே பிறந்தால் என்ன, செவிட்டுக் குட்டி பிறந்தால் யார் வளர்ப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஐந்தாவது வாரத்தில் குட்டிகளின் காதைச் சோதித்து, முடிவு எதுவானாலும் கடுவன் வீட்டாருக்கு எழுதிக் கொடு. அடுத்து அந்தக் கடுவனைத் தேடி வருபவர் விசாரிக்கும்போது அவரிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்