எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்க்கணக்கு

இயற்கைப் பாதுகாப்பு என்றதும் பலருடைய மனத்தில் தோன்றுவது வேலிதான். ஒரு காட்டைச் சுற்றி எல்லை வகுத்து, வேட்டையாடாதே, மரம் வெட்டாதே என்று பலகை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுகிறோம். சில இடங்களுக்கு இம்முறை பொருந்தும். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடவிடாமல் ஊர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தடுத்தார்கள்; பறவைகள் இன்றும் வருகின்றன. ஆனால் சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தில், பாதுகாக்க வேண்டிய பொருள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு எப்படி வேலி போடுவது?

கொசஸ்தலை ஆறு எண்ணூரில்தான் கடலை அடைகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் இங்கே வந்து சேர்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரியோடும் நீர்வழித் தொடர்பு உண்டு. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, உப்புக் குறைந்த நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் இந்த வரவையும் போக்கையும் நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

இந்த வரவு எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைக் கடலில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும். கழிமுகத்தின் உள்ளே அதில் பாதி, அதாவது அரை மீட்டர், என வைத்துக்கொள்வோம். 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் அரை மீட்டர் நீர் என்பது 5 இலட்சம் கன மீட்டர். அது ஏறத்தாழ 6 மணி நேரத்தில், அதாவது 21,600 வினாடிகளில், வடிய வேண்டும். அப்படியானால் முகத்துவாரம் வழியே வினாடிக்குச் சராசரியாக 23 கன மீட்டர் நீர் பாய்கிறது. கடலலை கொண்டுவந்து குவிக்கும் மணலை அரித்து, வாயிலைத் திறந்து வைப்பது இந்தப் பாய்ச்சலே. எந்தத் தூர்வாரும் இயந்திரமும் நாள்தோறும் இருமுறை கூலியின்றி வேலை செய்யாது அல்லவா?

இப்போது பரப்பைக் குறைத்துப் பாருங்கள். கரையோரச் சேற்று நிலத்தில் பாதியை மண் கொட்டி மேடாக்கினால், உள்ளே வரும் நீர் பாதியாகும், பாய்ச்சலும் பாதியாகும். மெதுவாக ஓடும் நீர் மணலைத் தூக்கிச் செல்லாது. மணல் படிந்து வாயில் குறுகும். வாயில் குறுகியதால் உள்ளே வரும் நீர் இன்னும் குறையும். விளைவே மீண்டும் காரணமாகிவிடுகிறது.

மண் கொட்டுவது மட்டுமன்று, சாம்பலும் இதையே செய்கிறது. 1994-இல் இயங்கத் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலை நீரில் கரைத்து, குழம்பாகக் குழாய்கள் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் கசிந்தன. மாவுபோன்ற சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்து இறுகியது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீரமைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இத்துடன், ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் பெயரிட்டுள்ள தென் அமெரிக்கச் சிப்பியினம் அண்மை ஆண்டுகளில் அடித்தரையைப் பாய்போல மூடி வருகிறது.

மற்றொரு கணக்கு வெப்பத்தைப் பற்றியது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பம் 100 பங்கு என்றால், சுமார் 36 பங்குதான் மின்சாரமாகிறது. ஏறத்தாழ 50 பங்கு, நீராவியைக் குளிர்விக்கும் நீரோடு போய்விடும். (இது பொறியாளரின் கவனக்குறைவு அன்று, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அப்படி.) மேற்கூறிய நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட் திறன் கொண்டது. முழுத் திறனில் இயங்கும்போது அது நீருக்குத் தரும் வெப்பம் சுமார் 875 மெகாவாட். குளிர்விக்கும் நீர் 7 டிகிரி செல்சியஸ் சூடாவதாகக் கொண்டால், தன்வெப்ப ஏற்புத்திறனைப் பயன்படுத்தி வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 30 கன மீட்டர் நீர் தேவை. நாம் முன்பு கண்ட 23 கன மீட்டரோடு இதை ஒப்பிடுக! 1 சதுர கிலோமீட்டர் கழிமுகத்தின் ஓதப் பாய்ச்சலைவிட அதிகமான வெந்நீர் ஒரே நிலையத்திலிருந்து வரக்கூடும்.

வெந்நீரால் என்ன கேடு? 30 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 37 டிகிரியில் 6.7 மில்லிகிராம்தான். உப்புநீரில் இன்னும் குறைவு. அதே வேளையில், சூடு ஏற ஏற மீனின் உடலுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கழிமுகத்திற்கு வந்தது. வற்றும் ஓதம் அதை வெளியே கொண்டுபோகும், ஏறும் ஓதம் திரும்பக் கொண்டுவரும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்தப் பட்டையில்தான் நிற்கின்றன. எண்ணெய் பூசிக்கொண்டதும் அங்கேதான்.

1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிற்கும் தாழ் ஓதக் கோட்டிற்கும் இடைப்பட்ட நிலத்தை முதல் வகையில் சேர்த்தது. நல்ல இயற்பியல் அறிவோடு எழுதப்பட்ட விதி என்பேன். பார்வைக்குப் பயனற்ற சேறாகத் தோன்றும் அந்த நிலமே நம் கணக்கில் வந்த பரப்பு. அங்கே மரக்கன்று நட்டுவிட்டு, பக்கத்திலேயே மண் கொட்ட அனுமதிப்பது பாதுகாப்பு ஆகாது.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி மாணவர்கள் ஆசிரியருடன் சென்று இதை அளந்து பார்க்கலாம். கரையிலிருந்தே தெரியும் பாலத் தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீர்மட்டத்தை அரைமணிக்கு ஒருமுறை குறியுங்கள். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்தின் உயர் ஓத நேரம் இருக்கும். முகத்துவாரம் மேடு தட்டியிருந்தால் உள்ளே உயர் ஓதம் தாமதமாக வரும். ஏற்றத்தின் அளவும் குறையும். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.