பிச்சாவரம் படகுச் சவாரி: வானம் மாறினாலும் சமாளிக்க அக்கா டிப்ஸ்

லீவு விட்டாலே நம் நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகள் பிச்சாவரம் போகலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்துவிடும். தாராளமாகப் போங்கள் தங்கச்சிகளா. ஆனால் நம் பிளாக்கில் வெயில் அடிக்கிறதே என்று நம்பிக் கிளம்பாதீர்கள். கடலோர வானத்துக்குத் தனிக் கணக்கு.

எப்போது போகலாம்?
ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறும் முன்பே படகில் இருங்கள். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் மேற்கே மேகம் திரண்டால் இடி மின்னல் வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் நாள் இரவே வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கடலூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எப்படிப் போகலாம்?
வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். விடிகாலையில் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்னே டிக்கெட் எடுத்துவிடலாம்.

எந்தப் படகு?
அலையாத்திக் காட்டைப் பார்க்க வேண்டுமானால் துடுப்புப் படகுதான். குறுகலான கால்வாய்க்குள் அதுதான் நுழையும். சுரபுன்னையின் முட்டு வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீரில் கால் ஊன்றி நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். சிதம்பரத்தின் தல விருட்சமான தில்லையும் இங்கே உண்டு; அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

என்ன உடுத்தலாம்?
காட்டன் சுடிதார் போதும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், காற்றில் விரித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும். ஆளுக்கொரு ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், குழந்தைக்கு அதன் அளவில். போட்டோவுக்காகக் கழற்றவே கூடாது. போனை ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். படகில் பாத்ரூம் கிடையாது. ஏறுமுன் போய்விட்டு வாருங்கள்.

மேகம் கறுத்தால்?
வெக்கையாக இருந்த காற்று சட்டென்று ஜில்லென்று மாறினால் மழை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கரை திரும்பச் சொல்லுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்தே மறுபடி ஏறுங்கள். படகு ஆடினால் யாரும் எழுந்து நிற்க வேண்டாம், எல்லோரும் ஒரே பக்கம் சாயவும் வேண்டாம்.

சாப்பாடு
புளிசாதம், தண்ணீர், கொஞ்சம் பண்ருட்டி முந்திரி போதும். சாப்பாட்டைக் கரைக்கு வந்து பிரியுங்கள். கவர், பாட்டில் எதையும் தண்ணீரில் போடாதீர்கள். 2004 சுனாமியில் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்ற காடு இது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. படகுக்கார அண்ணன் "இன்னிக்கு உள்ளே வேணாம்மா" என்றால் கூடுதல் பணம் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். அந்தத் தண்ணீரும் காற்றும் அவருக்குத்தான் தெரியும். சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள். பிச்சாவரத்தை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.