ரைடரை உள்ளே அழைத்தது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

தமிழ் தலைவாஸ் கபடி அணியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். முதல் தரமான ரைடர் ஒருவன் வந்து நிலைக்கும்வரை இந்த அணி கோப்பையைத் தொடாது என்று முடித்திருக்கிறாய். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஆட்டம் தெரியும். நீயே வடுவூர் வரை போய் ஆடி, முட்டியில் தழும்போடு வந்தவன். அப்படிப்பட்டவன் எழுதிய ஆறு பக்கத்தில் பிடித்தவன் பெயர் ஒன்றுகூட இல்லையே, எப்படி? இந்த ரைடர் பத்து எடுத்தான், அந்த ரைடர் பதினைந்து எடுத்தான், சூப்பர் ரைடு போட்டான் என்று வரிக்கு வரி வருகிறது. எதிரணி ரைடரைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே மடக்கிப் போட்டவர்கள் எங்கே போனார்கள்?

புரோ கபடியில் தலைவாஸையே எடுத்துக்கொள். 2017-லும் அடுத்த சீசனிலும் ரைடர் அஜய் தாக்கூர் இருந்தார். இரண்டு முறையும் தங்கள் பிரிவில் கடைசி இடம். 2019-ல் அவரோடு இன்னொரு ரைடர் ராகுல் சவுத்ரியும் சேர்ந்தார். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. பிறகு 2022. ரைடர் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடி கொடுத்து எடுத்தார்கள். பெங்களூரில் குஜராத்துடன் முதல் ஆட்டம். ஆரம்பத்திலேயே முட்டி போனது, அத்தோடு அந்த சீசனே அவருக்கு முடிந்தது. நீ சொல்லும் கணக்குப்படி தலைவாஸ் அந்த வருஷம் அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பிளேஆஃபுக்குள் போனது. எலிமினேட்டரில் உபி யோத்தாஸுடன் 36-36 சமன், டைபிரேக்கரில் 6-4. அந்த உபி அணியில்தான் பெரிய ரைடர் பர்தீப் நர்வால் இருந்தார் என்பதையும் நினைத்துப் பார். அரையிறுதியில் புனேயிடம் 39-37, இரண்டே புள்ளியில் தோற்றோம். புதுப் பையன் நரேந்தர் நன்றாக ரைடு பாடினான், மறுக்கவில்லை. ஆனால் அவன் நம்பிக்கையோடு பாடிப் போனதற்குக் காரணம், பின்னால் பிடிக்க சாகரும் சாஹில் குலியாவும் இரண்டு கார்னரிலும் நின்றது; கவரில் நம் அபிஷேக்கும் மோஹித்தும் நின்றது. இந்த நான்கு பேரும் உன் கட்டுரையில் இல்லை. பவனின் முட்டிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

பவன் அடுத்த ஏலத்தில் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். இருநூறுக்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார். அணி 22 ஆட்டத்தில் இரண்டு வென்று கடைசியில் நின்றது. அதே சீசனில் கோப்பை வாங்கிய புனேயின் இடது கார்னரில் நின்றவர் ஈரான்காரர் ஷாத்லூயி. மறு சீசனில் அவர் ஹரியானாவுக்குப் போனார், கோப்பையும் ஹரியானாவுக்குப் போனது. அந்த இறுதியாட்டத்தில் தோற்ற பாட்னாவிடம்தான் 300 ரைடு புள்ளியைத் தாண்டிய தேவாங்க் இருந்தார்.

2017-ல் பர்தீப் 369 புள்ளி எடுத்துப் பாட்னாவுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுக்கவில்லையா என்று கேட்பாய். வாங்கிக் கொடுத்தார். அதே பர்தீப் 2019-ல் 302 எடுத்தபோது பாட்னா பிளேஆஃபுக்கே போகவில்லை. அவர் உபிக்குப் போன சீசனில் பாட்னா இறுதிவரை வந்து, டெல்லியிடம் ஒரு புள்ளியில் தோற்றது.

ரைடரின் புள்ளி மட்டும் கோப்பை வாங்கித் தராததற்குக் காரணம் ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. பெரிய ரைடரும் பிடிபடுவான். பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். போனஸ் புள்ளி எடுத்தால் வெளியே போன ஆள் உள்ளே வரமாட்டான். யாராவது தொட்டு வர வேண்டும், அல்லது எதிரணி ரைடரைப் பிடித்துப் போட வேண்டும். நல்ல பிடி இல்லாத அணியில் உன் கதாநாயகன் ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருப்பான். கல்லணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் வழியில் மதகு சரியில்லை என்றால் நம் கடைமடைக்கு வந்து சேராது. ரைடரின் திறமையும் அப்படித்தான். அவன் பதினைந்து புள்ளி எடுத்தான் என்று எழுதும்போது, நடுவில் எத்தனை முறை வெளியே போனான், ஒவ்வொரு முறையும் அவனை உள்ளே அழைத்தது யாருடைய பிடி என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. தோற்ற ஆட்டத்துக்கும் ரைடரையே குற்றவாளி ஆக்குகிறாய். வென்றால் அவன் தோளில், தோற்றால் அவன் தலையில். கால்பந்தில் மெஸ்ஸியை 2014 உலகக் கோப்பையில் அப்படித்தான் எழுதினார்கள். 2022 இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷத்தில் அவர் அணியின் கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டி கோலுக்கு வந்த பந்தைத் தடுக்காமல் விட்டிருந்தால் மறுபடியும் அப்படியே எழுதியிருப்பார்கள்.

பிடிக்கிறவனை மறப்பது புதிதும் அல்ல. எண்பதுகளில் நம் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் வயலைக் கொத்திப் புழுதியாக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, டியூப்லைட் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். பேராவூரணிப் பக்கத்து அணி ஒன்றில் இடது கார்னர் ஒருவர் நிற்பார். தென்னை ஏறுவது தொழில். கால்விரல்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டுவான். உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறுகிற அந்த அரை நொடிக்குத்தான் இவர் காத்திருப்பார். முந்தினால் தொட்டுவிடுவான், பிந்தினால் திரும்பிவிடுவான். கணுக்காலில் கை விழுந்ததென்றால் அப்புறம் நடுக்கோடு அவனுக்கு வெகுதூரம். கூட்டத்தில் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள். எல்லோர் கண்ணும் ரைடரின் முகத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் ரூபாய் நோட்டு மாலை ரைடருக்கு. மைக்கில் ரைடர் பெயர். சிறந்த கேட்சர் என்று கடைசியில் ஒரு டம்ளர் கொடுப்பார்கள். அந்த மனிதரைப் பற்றி எங்கும் ஒரு வரி அச்சில் இல்லை. எழுத வேண்டியவர்கள் எல்லோரும் உன்னைப் போலவே ரைடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் தஞ்சை மாவட்டம் கொடுத்த சேரலாதன் பிடிக்கிற ஆள். 2016-ல் நான்காவது சீசனில் பாட்னா கோப்பை வாங்கியபோது அதன் கேப்டன் அவர்தான். அதே வருஷம் நாற்பதைத் தாண்டிய வயதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றார்கள். பட்டுக்கோட்டையில் உட்கார்ந்து கபடி எழுதுகிறவன் அவர் பெயரைச் சொல்லாமல் ஆறு பக்கம் எழுதலாமா?

இவ்வளவு கோபமும் ஏன் என்றால், உன் மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ ஆர் டை ரைடுக்குப் போகிறவன் நடுக்கோட்டில் ஒரு கணம் நிற்பதையும், தொண்டை ஏறி இறங்குவதையும், பாட்டு உதட்டுக்கு வருமுன் வலது குதிகால் எழும்புவதையும் எழுதியிருக்கிறாய். கபடியைப் பற்றித் தமிழில் இவ்வளவு நெருக்கமாக எழுதிய வேறொரு பத்தியை நான் படித்ததில்லை. ஒரு குதிகாலை இப்படிப் பார்க்கத் தெரிந்தவன் எதிரே குனிந்து நிற்கிற ஏழு பேரையும் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது நடுக்கோட்டுக்கு நேரே உட்காராதே. இடது கார்னர் நிற்கும் மூலைக்குப் பக்கத்தில் இடம் பிடி. அவனுடைய நாற்பது நிமிஷத்தை மட்டும் எழுதி, அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்,
பட்டுக்கோட்டை