பின்னால் எரியும் ஒற்றைச் சிவப்பு

போன ஐப்பசியில் ஓர் இரவு, திண்டிவனத்திலிருந்து சென்னை வரும் சாலையில் எனக்கு முன்னால் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் தூறல். அந்தக் காரின் வலப்பக்கத்தில், பம்பரை ஒட்டி, ஒரே ஒரு சிவப்பு விளக்கு கண்ணைக் குத்திக்கொண்டு எரிந்தது. என் முன்கண்ணாடியில் வைப்பர் விட்டுவைத்த ஒவ்வொரு துளிக்குள்ளும் அதே சிவப்பு. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பைக். ஓட்டியவருக்கும் பின்னால் இருந்த அம்மாவுக்கும் இடையில் ஒரு குழந்தை. மேல்மருவத்தூருக்குச் சற்று முன்னால் அந்தக் கார் பிரேக் போட்டது. அதன் பின்புறம் கிட்டத்தில் வந்து பெரிதாகத் தெரிந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பைக்காரர் இரண்டு காலையும் தரையில் தேய்த்து ஒருவழியாக நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் காரை ஓட்டியவர் அலட்சியமான ஆள் என்று நான் நினைக்கவில்லை. மழையாக இருக்கிறதே, பின்னால் வருகிறவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தோடு அந்த ஸ்விட்சைப் போட்டிருப்பார். நல்லெண்ணத்தோடு செய்கிற தவறு என்பதால்தான் இந்த மாதம் பின்பக்க ஃபாக் லைட்டைப் பற்றி எழுதுகிறேன்.

“மழையோ பனியோ, போட்டுவைத்தால் பாதுகாப்புதானே!”

முதலில் அந்த விளக்கின் பலத்தைத் தெரிந்துகொள்வோம். வாகன விளக்குகளுக்கு ஐ.நா. வகுத்த விதிமுறைகளைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி ராத்திரி எப்போதும் எரிகிற சாதாரண டெயில் லைட்டின் ஒளிச்செறிவு 4 முதல் 17 கேண்டெலா. பிரேக் லைட் 60 முதல் 260 வரை போகலாம். பின்பக்க ஃபாக் லைட் குறைந்தபட்சமே 150 இருக்க வேண்டும், 300 வரை போகலாம். பல்பு போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம். டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து வருகிற பல்புக்குள் இரண்டு இழை இருக்கும்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பின்பக்க ஃபாக் லைட்டுக்கும் பெரும்பாலும் அதே 21 வாட்தான்.

ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது பிரேக்கை மிதித்தபடியே ஓட்டுவதற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். பின்னால் வருகிறவரின் கண் ஒளியின் அளவைவிட மாற்றத்தைத்தான் சட்டென்று பிடிக்கிறது. மங்கலாக எரிந்த சிவப்பு திடீரென்று பளிச்சிட்டால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. ஏற்கெனவே பளிச்சென்று ஒரு சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் அந்த மாற்றம் அதற்குள் அமுங்கிப்போகிறது. ஃபாக் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் இடையில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்று அதே ஐ.நா. விதி கட்டாயப்படுத்துவது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். ஆனால் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு அந்த நான்கு விரற்கடை எங்கே தெரியப்போகிறது?

அப்படியானால் எதற்கு இவ்வளவு பலமான விளக்கை வைத்தார்கள்? மூடுபனிக்காக. மூடுபனியின் துளி மிகமிகச் சிறியது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் காற்றில் மிதப்பது. மழைத்துளி அதைப்போல நூறு மடங்குகூடப் பெரியது. ஒரே அளவு தண்ணீரைப் பொடிப்பொடியாக உடைத்துக் காற்றில் தூவினால் அது வழிமறிக்கிற ஒளி பல மடங்கு கூடிவிடும். அதனால்தான் அடர்ந்த பனியில் டெயில் லைட் அருகில் வரும்வரை தெரிவதில்லை. அங்கே இந்த 300 கேண்டெலா தேவை. சாதாரண மழையில் டெயில் லைட்டே போதிய தூரத்துக்குத் தெரிகிறது. அங்கே கூடுதல் ஒளி பின்னால் இருப்பவரின் கண்ணாடியிலும், பைக்காரரின் ஹெல்மெட் வைசரிலும் ஒட்டியிருக்கிற துளிகளில் சிதறி, அவர் பார்வையைத்தான் கெடுக்கிறது. காருக்காவது வைப்பர் இருக்கிறது. வைசருக்கு அதுவும் இல்லை, இடது கை விரலால் வழித்துவிட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். நம் சாலைகளில் கார்களுக்குப் பின்னால் வருகிறவர்களில் எத்தனை பேர் அவர்கள்!

மற்ற நாடுகள் இதற்குக் கோடு கிழித்திருக்கின்றன. பிரிட்டனில் 1980 ஏப்ரல் முதல் புழக்கத்துக்கு வந்த கார்களில் பின்பக்க ஃபாக் லைட் கட்டாயம். ஆனால் பார்வைத் தூரம் 100 மீட்டருக்குக் கீழே போனால் ஒழியப் போடக் கூடாது, பார்வை தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும் என்கிறது அங்கத்திய சாலை விதி நூல். கண்ணைக் கூசவைக்கும், பிரேக் லைட்டை மறைக்கும் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஜெர்மனி இன்னும் கறார். மூடுபனியால் பார்வை 50 மீட்டருக்கும் குறைந்தால் மட்டும்தான் அனுமதி, மழை கணக்கிலேயே வராது.

நம் வடகிழக்குப் பருவமழையில் சில நிமிடம் எதிரே ஒன்றுமே தெரியாமல் கொட்டுவது உண்டே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலையில், பகலில், நூறு மீட்டர்கூடத் தெரியாமல் ஊற்றும்போது நான் போடுவேன். பின்னால் ஒரு வண்டி வந்து ஒட்டிக்கொண்டதும் அணைத்துவிடுவேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். இனி அவருக்குத் தெரிய வேண்டியது என் பிரேக் லைட்.

“நூறு மீட்டர் என்று ஓட்டும்போது யார் அளப்பது?”

அளக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர். நல்ல வெயில் நாளில் ஒரு தடவை அதில் பாதித் தூரத்தைக் கண்ணால் அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எளிய வழி, எண்ணுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 6 நொடியில் 100 மீட்டர் போகிறது. பனிக்குள்ளிருந்து ஒரு மரமோ விளம்பரப் பலகையோ தென்பட்ட கணத்திலிருந்து அதைக் கடக்கும்வரை எண்ணுங்கள். ஆறு எண்ணுவதற்குள் கடந்துவிட்டால் பார்வை 100 மீட்டருக்கும் குறைவு. மூன்றுக்குள் கடந்தால் 50 மீட்டர்தான் தெரிகிறது, அந்த வேகத்தில் ஓட்டவே கூடாது.

எப்போது அணைப்பது என்பதற்கு உள்கண்ணாடி போதும். பின்னால் வருகிற வண்டியின் உருவம், ஹெட்லைட்டின் மங்கல் வெளிச்சம் மட்டுமல்ல, வண்டியே தெரிகிறதா? அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். அணைத்துவிடுங்கள். பனியில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தால் இந்த விளக்கு தேவைப்படுவது வரிசையின் கடைசி வண்டிக்குத்தான்.

“ஃபாக் லைட்டைப் போட்டால் ரோடு நன்றாகத் தெரியும்”

முன்பக்க ஃபாக் லைட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். தாழ்வாக இருந்து சாலையை ஒட்டி ஒளியை விரிப்பதால் பக்கத்துக் கோடும் ஓரமும் தெரியும். பின்விளக்கால் உங்களுக்கு எதுவுமே தெரியாது, அது முழுக்க முழுக்கப் பிறருக்கானது. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே வளையம். ஒரு திருகு திருகினால் முன்பக்கம், இன்னொரு திருகில் பின்பக்கமும். முன்விளக்கு மட்டும் வேண்டும் என்று திருகுகிறவர்கள் ஒரு படி கூடத் திருகிவிட்டு அறியாமலேயே ஊரைக் கூசவைத்துக்கொண்டு போகிறார்கள். மீட்டர் பலகையைப் பாருங்கள். பச்சைக் குறி எரிந்தால் முன்பக்கம். ஆரஞ்சு கலந்த மஞ்சளில், விளக்கிலிருந்து வலப்பக்கமாக மூன்று கோடு கிளம்பி ஒரு நெளிகோட்டைக் கடப்பதுபோல எரிந்தால் பின்பக்கம்.

“ஒரு பக்கம்தான் எரிகிறது, பல்பு போய்விட்டது”

பெரும்பாலும் போயிருக்காது. ஐ.நா. விதிப்படி ஒன்று இருந்தாலும் போதும், இரண்டும் இருக்கலாம். ஒன்றுதான் என்றால் அது நடுவிலோ, சாலையின் மையத்தை ஒட்டிய பக்கத்திலோ இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு அது வலப்பக்கம். ஒற்றை விளக்கானால் பிரேக் லைட் ஜோடியோடு குழம்புவது கொஞ்சம் குறையும்.

ஆனால் ஒற்றைக்கு ஒரு விலையும் உண்டு. பிரான்சில் செயற்கையாகப் பனிமூட்டம் உண்டாக்கும் அறையில் வண்டியின் பின்விளக்குகளை வைத்து ஆராய்ந்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பனிக்குள் பார்ப்பவர்கள் முன் வண்டியின் தூரத்தைச் சராசரியாக 60 சதவீதம் கூட்டி மதிப்பிட்டார்கள். இருபத்தைந்து மீட்டரில் இருக்கிற வண்டி நாற்பதில் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்று பொருள். ஒற்றை ஃபாக் லைட் இருந்தபோது இந்தப் பிழை இன்னும் கூடியது. இரண்டு விளக்கு அகலமாக இருந்தால் அந்த அகலத்தை வைத்துக் கண் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஒரே புள்ளியை வைத்து அது எதைக் கணக்குப் போடும்? பனியில் முன்னால் தெரிகிற ஒற்றைச் சிவப்பு, நீங்கள் நினைப்பதைவிட எப்போதும் கிட்டத்தில்தான் இருக்கிறது.

“சிவப்பு ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும்”

போகாது. மூடுபனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. வண்டியின் பின்புறம் சிவப்பு என்பது நம் கண்ணுக்குப் பழகிய மரபு. தூரத்துக்குத் தெரிவது அதன் பலத்தால்.

“நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது”

நம் மலைப்பாதைகளில் இது தொற்றுநோய்போலப் பரவியிருக்கிறது. ஹஸார்டு விளக்கு நின்றுபோன வண்டிக்கானது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால், பனிக்குள் பின்னால் வருகிறவர் நீங்கள் நிற்கிறீர்கள் என்று நினைத்து ஒதுங்கப் பார்ப்பார். ஒதுங்கும் பக்கத்தில் எதிர்வண்டி இருக்கும். நாலு நாள் போனால் எல்லோரும் போடுகிறார்கள் என்று பழகி, நிஜமாகவே பழுதாகி நிற்கிற லாரியையும் ஓடுகிறது என்று எண்ணி அருகே போய்விடுவார். தவிரவும் பெரும்பாலான கார்களில் ஹஸார்டு எரியும்போது இண்டிகேட்டர் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. திரும்பப்போவதைச் சொல்ல வழியே இல்லாமல் நீங்கள் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறீர்கள்.

“பகல்தானே, முன்னால் தானாகவே விளக்கு எரிகிறது”

இத்தனை நேரம் விளக்கை அணையுங்கள் என்று சொன்னவன் இப்போது போடுங்கள் என்று கெஞ்சுகிறேன். அதிகமாக வெளிச்சம் போடுகிறவரைவிட என்னைப் பயமுறுத்துவது பனிக்குள் பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல் போகிற புதுக் கார். பகலில் முன்னால் தானாக எரிகிற வெள்ளை விளக்கு பல கார்களில் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் இருட்டு. மீட்டர் பலகையும் எந்நேரமும் ஒளிர்வதால் எல்லாம் எரிகிறது என்று ஓட்டுகிறவர் நம்பிவிடுகிறார். ‘ஆட்டோ’வில் விட்டிருக்கிறேன் என்பவர்களுக்கும் இதே ஆபத்து. அந்த உணரி வெளிச்சம் குறைந்ததா என்று பார்க்கிறது, தெளிவு குறைந்ததா என்று பார்ப்பதில்லை. காலை எட்டு மணிப் பனி வெள்ளை வெளேர் என்றிருக்கும். அதற்கு அது நல்ல பகல்.

ஆகவே மார்கழியில் ஓசூர் வழியாகப் போகிறவர்களும், போகிப் புகையில் சென்னைக்குள் நுழைகிறவர்களும், கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ ஏறுகிறவர்களும் முதலில் செய்ய வேண்டியது ஹெட்லைட்டைக் கையால் திருகி ‘டிம்’மில் போடுவது. அதோடு டெயில் லைட்டும் எரியும். ‘பிரைட்’ வேண்டாம், அந்த ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஃபாக் லைட் பற்றிய யோசனையெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

“விளக்கெல்லாம் போட்டாயிற்று, இனி போகலாம்”

எவ்வளவு வேகத்தில்? 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும். பிறகு ஈரச் சாலையில் நிற்க இன்னும் 50 மீட்டர் போல ஆகும். 50 மீட்டர் மட்டும் தெரிகிற பனியில் இந்தக் கணக்கு எங்கே முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியில் பார்வை 50 மீட்டருக்குக் குறைந்தால் வேகமும் 50-க்கு மேல் போகக் கூடாது. நம் யமுனா விரைவுச்சாலையிலும் பனிக்காலத்தில் கார்களின் வேக வரம்பை 100-லிருந்து 75-ஆகக் குறைக்கிறார்கள். பிரகாசமான பின்விளக்கு பின்னால் இருப்பவருக்குத்தான் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது. உங்கள் பிரேக்குக்கு ஒரு மீட்டர்கூடத் தராது.

இன்னொன்று, முன்னால் போகிறவரின் சிவப்பையே பிடித்துக்கொண்டு போவது. மலையில் பலரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். தனியாக இல்லை என்ற தெம்பு வரும், விளக்கு கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று கால் தானாக அழுத்தும். அவர் வளைவில் தவறினால் அவருக்குப் பின்னால் நீங்கள். சாலையின் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கோடும் தெரியாவிட்டால் சாலையை விட்டு முழுதாக விலக இடம் கிடைக்கும் வரை ஊர்ந்து போய், அங்கே நிறுத்தி, அப்போது ஹஸார்டைப் போடுங்கள்.

இந்த வாரம் ஒரு மாலை, இருட்டத் தொடங்கியதும் காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். இன்ஜினை ஓட விட்டு ஃபாக் லைட் வளையத்தை ஒவ்வொரு படியாகத் திருகி, சுவரில் விழுகிற சிவப்பைக் கண்ணாடியில் பாருங்கள். எந்தப் படியில் அந்த ஒற்றைச் சிவப்பு வருகிறது, மீட்டர் பலகையில் எந்தக் குறி ஒளிர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பிரேக் லைட் எரிந்தது தெரிந்ததா என்று கேளுங்கள்.