பாறையில் ஆற்றல் பெறும் நுண்ணுயிரிகள்: முக்கியக் குறிப்புகள்
(போடி மலை முதல் கம்பம் வயல் வரை)

அடிப்படை
- சூரிய ஒளி இன்றி, கனிம வேதிவினையில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு உணவு தயாரிப்பது வேதிச்சேர்க்கை.
- கண்டறிந்தவர்: ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி (1887). ஆய்வுக்கு எடுத்தது: பெகியாடோவா என்னும் கந்தகப் பாக்டீரியா.
- எலக்ட்ரான் தருபவை: ஹைட்ரஜன், ஃபெரஸ் இரும்பு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா.
- எலக்ட்ரான் ஏற்பவை: ஆக்சிஜன், நைட்ரேட், ஃபெரிக் இரும்பு, சல்ஃபேட், கார்பன் டை ஆக்சைடு.

பாறைக்குள் ஹைட்ரஜன் உருவாகும் வழிகள்
1. ஆலிவின் போன்ற இரும்புக் கனிமங்கள் நீருடன் வினைபுரிதல் (செர்பன்டைனாக்கம்).
2. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு நீர் மூலக்கூறைப் பிளத்தல்.

உலகம்
- தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம், 2.8 கி.மீ. ஆழம்: அங்குள்ள நீரில் ஏறத்தாழ முழுவதும் டெசல்ஃபோருடிஸ் ஆடக்ஸ்வியேட்டர் என்ற ஒரே பாக்டீரியா (2008). கதிர்வீச்சால் உருவான ஹைட்ரஜனையும் சல்ஃபேட்டையும் கொண்டு வாழ்கிறது.

இந்தியா
- 1967 டிசம்பர் 11 நிலநடுக்கத்தால் அறியப்பட்ட கொய்னா பகுதியில் (மகாராஷ்டிரம்), நிலநடுக்க ஆய்வுக்காக 3 கி.மீ. வரை துளையிடப்பட்டது.
- அப்பகுதியின் பசால்ட், கிரானைட் பாறைகளில் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணுயிரிகளைக் கண்டறிந்தனர்.

தேனி மாவட்டம்
- நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான இடம்: பொட்டிப்புரம், போடி மேற்கு மலை. பாறை: சார்னகைட். இதன் அடையாளக் கனிமம் ஹைபர்ஸ்தீன். இரும்பும் மெக்னீசியமும் கொண்ட சிலிக்கேட், அதாவது மேலே முதல் வழியில் சொன்ன இரும்புக் கனிம வகை.
- முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு நெல் வயல்களிலும் இதே வேதிச்சேர்க்கைத் தத்துவம்தான். தேங்கிய நீரின் கீழ், ஆக்சிஜன் இல்லாச் சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோஜென்கள் வாழ்கின்றன: 4 ஹைட்ரஜன் + 1 கார்பன் டை ஆக்சைடு → 1 மீத்தேன் + 2 நீர்.
- ஆக்சிஜன் உள்ள மேல்மண்ணில் நைட்ரோசோமோனாஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

குழப்பிக்கொள்ள வேண்டாம்
- மெத்தனோஜென்கள் பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியாக்கள்.
- வேதிச்சேர்க்கைக்கு ஆக்சிஜன் கட்டாயமில்லை. எலக்ட்ரானைத் தர ஒன்றும் ஏற்க ஒன்றும் இருந்தால் போதும்.

நடவு வயலில் கால் வைக்கும்போது சேற்றிலிருந்து எழும் குமிழில் மீத்தேன் இருக்கிறது. அடுத்த முறை அதைப் பார்க்கும்போது மேலுள்ள சமன்பாட்டை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தேர்வறையில் மறக்காது.