அண்டாவை எந்தக் கடையில் எடுத்தாய்?

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தானிலிருந்து சிடைப்ஸ் வழியாக சி லைப்ரரியைக் கூப்பிடுகிறாய். சின்னப் படங்களுக்கு ஒழுங்காக ஓடுகிறது, பெரிய படம் கொடுத்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டு விழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இதே பள்ளத்தில் நானும் பத்து நாள் கிடந்திருக்கிறேன்.

எனக்கும் சின்னத் தரவுக்கு ஓடியது, பெரியதற்கு விழுந்தது. மெமரி போதவில்லை என்று முடிவுகட்டி ரேம் வாங்கச் சொன்னேன். வாங்கியும் கொடுத்தார்கள், பாவம். காரணம் வேறு. ஒரு சி ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை 'இன்ட்' என்று எடுத்துக்கொள்ளும். என் ஃபங்ஷன் தந்ததோ பாயிண்டர். 64 பிட் முகவரியில் கீழ்ப்பாதி 32 பிட் மட்டும் என் கைக்கு வந்தது. அந்தப் பழைய லினக்ஸ் மெஷினில் சின்னத் துண்டுகளுக்குக் கிடைத்த முகவரிகள் எல்லாம் சிறிய எண்கள். மேல்பாதி வெறும் பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. வழக்கமாக 128 கேபியைத் தாண்டிக் கேட்டால், மெமரி ஒதுக்கும் மாலக் அதை எம்மேப் வழியாக எங்கோ உயரத்தில் ஒதுக்கித் தரும். அந்த முகவரியைப் பாதியாக வெட்டினால் போய்ச் சேர்வது யார் வீடோ. திரும்பி வரும் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் என்ற ஒரே வரியைச் சேர்த்தேன், சரியாகிவிட்டது. ரேம் விஷயத்தை யாரிடமும் பேசவில்லை.

உன்னுடையதும் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப், ஆர்க்யுமென்ட் வகைகளைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் இரண்டையும் எழுதிவிட்டு மற்றதைத் தேடு. பைத்தானை '-எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர்' என்று கொடுத்து ஓட்டினால், விழும் நேரத்தில் எந்தப் பைத்தான் வரியில் நின்றது என்றாவது தெரியும்.

பைத்தானுக்கும் சி-க்கும் நடுவிலுள்ள எல்லையில் ஏன் யாரும் தடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். கம்பைல் ஆன பிறகு சி ஃபங்ஷனுக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும்தான் மிச்சம். எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன வகை என்பதெல்லாம் ஹெடர் கோப்போடு நின்றுவிட்டது. 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண்களோ பாயிண்டர்களோ ரெஜிஸ்டர்களில் போகும். முதலாவது ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ரெஜிஸ்டரின் பெயரே அதுதான்). விண்டோஸில் நான்குதான், தொடக்கமும் ஆர்சிஎக்ஸிலிருந்து. கூப்பிட்டவன் வைத்தானா என்று கூப்பிடப்பட்டவன் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவான். சி++ தன் ஃபங்ஷன் பெயருக்குள்ளேயே ஆர்க்யுமென்ட் வகைகளைத் திணித்து வைக்கும். மற்ற மொழிகள் கூப்பிட வசதியாக 'எக்ஸ்டெர்ன் சி' போட்டதும் அதுவும் போய்விடும்.

எண்கள் பரவாயில்லை, எழுத்துகள் வந்தால் இன்னும் கவனம். 'தமிழ்' என்ற சொல்லைப் பைத்தானில் அளந்தால் 5. யூடிஎஃப்-8 ஆக்கி சி-யின் எஸ்டிஆர்லென்னிடம் கொடுத்தால் 15. இடம் ஒதுக்கும்போது கடைசிப் பூஜ்யத்தையும் சேர்த்து 16 வேண்டும். நாம் படிக்கும்போது எண்ணுவதோ 3 எழுத்து. நாலுமே சரி, எந்த எண் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதில்தான் கோளாறு வரும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது. நமக்கு முதல் நாளே தெரிந்துவிடும், அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

இனி நீ அனுப்பிய பைத்தான் கோப்பில் எனக்கு நிஜமாகவே பயம் தந்த இடம். லைப்ரரி ஒரு ஸ்ட்ரிங்கை மாலக் செய்து தருகிறது. நீ அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய். யார் ஃப்ரீ செய்வது? பைத்தானின் குப்பை அள்ளுகிறவருக்கு அப்படி ஒரு துண்டு இருப்பதே தெரியாது. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுத்தால், எந்தக் கடையில் எடுத்தோமோ அங்கேதான் திருப்ப வேண்டும். பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வர முடியாது. விண்டோஸில் இரண்டு டிஎல்எல்கள் வெவ்வேறு சி ரன்டைமோடு கட்டப்பட்டிருந்தால் ஹீப்பும் வேறு வேறாக இருக்கலாம். ஒன்றில் எடுத்ததை மற்றதன் ஃப்ரீயிடம் கொடுத்தால் ஹீப்பே குலைந்துவிடலாம். இன்னொரு நுணுக்கம்: ரெஸ்டைப்பில் 'சி_சார்_பி' என்று போட்டால் சிடைப்ஸ் எழுத்துகளைப் பிரதி எடுத்து பைட்ஸாகத் தந்துவிட்டு, பாயிண்டரை உன் கண்ணிலேயே காட்டாது. திருப்பிக் கொடுக்க நினைத்தாலும் கையில் அண்டா இருக்காது. 'சி_வாய்ட்_பி' என்று வாங்கு, படி, பிறகு அதே லைப்ரரியிடம் ஒப்படை.

கால்பேக்கில் இதே கதை தலைகீழாக வரும். பைத்தான் ஃபங்ஷனைச் சுற்றி நீ செய்த அந்தப் பொருளை ஒரு மாறியிலும் பிடித்து வைக்காமல் சி-யிடம் கொடுத்திருக்கிறாய். சி அதைப் பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடும். அதற்குள் பைத்தான் அதைக் கூட்டித் தள்ளியிருக்கும். லைப்ரரிக்குத் தேவைப்படும் வரை உயிரோடு இருக்கும்படி எங்காவது வைத்திரு.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் பைத்தானிலேயே எழுதிவிடலாமே என்று கேட்டிருந்தாய். பைத்தானின் எண்கணித லைப்ரரியான நம்பையில் நீ 'சால்வ்' என்று கூப்பிடும்போதுகூட உள்ளே கணக்குப் போடுவது லாபேக் என்ற லைப்ரரியின் ஜீஇஎஸ்வி. லாபேக் 1992-இல் ஃபோர்ட்ரானில் வெளிவந்தது. அதற்கு அடித்தளமான பிளாஸ் 1979-இல் அறிவிக்கப்பட்டது. ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசையாக அடுக்கும், சி கிடைவரிசையாக. அதனால் கவனிக்காமல் அனுப்பினால் அணி மறுபக்கம் கவிழ்ந்து போய்ச் சேரும். கிராஷ் ஆகாது, விடை மட்டும் தப்பாக வரும். எனக்குக் கிராஷே மேல். இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்த கணக்கை நீயோ நானோ திரும்ப எழுதினால் அதைவிட நன்றாக வராது.

அந்த லைப்ரரியின் ஹெடர் கோப்பை அனுப்பு. மாலக் செய்து தரும் ஒவ்வொன்றுக்கும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லையென்றால் நீ பைத்தானில் ஒரு வரிகூட மாற்றாதே. லைப்ரரியை எழுதியவர்களிடம் அந்த ஃபங்ஷனைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்