நகைக்கடன் பார்த்தவர் மின் நிலையத்துக்குக் கடன் கொடுக்கும்போது

கேள்வி: பொதுத்துறை வங்கியில் பல ஆண்டுகள் நகைக்கடனும் பயிர்க்கடனும் பார்த்தேன். இப்போது பெருநிறுவனக் கடன் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மின் நிலையம், நெடுஞ்சாலை என்று வரும் கோப்புகளில் ‘லிமிடெட் ரிகோர்ஸ்’ என்று இருக்கிறது. திட்டம் தோற்றால் தாய் நிறுவனத்திடம் போய் முழுக் கடனையும் கேட்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் எதை நம்பிப் பல ஆயிரம் கோடி கொடுக்கிறோம்? எங்கிருந்து கற்கத் தொடங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: நகைக்கடனில் பணம் வராவிட்டால் நகையை ஏலம் விடலாம். பாதி கட்டிய மின் நிலையத்தை யார் ஏலம் எடுப்பார்கள்? கழற்றி விற்றால் போட்ட பணத்தில் சிறு பங்குகூடத் தேறாது. ஆகவே இங்கே வங்கி நம்புவது, திட்டம் ஓடத் தொடங்கியபின் வரப்போகும் வருமானத்தை. மற்ற ஏற்பாடெல்லாம் அந்த வருமானத்துக்குப் போடும் வேலிதான்.

முதலாளிகள் அந்த ஒரு திட்டத்துக்கென்றே தனிக் கம்பெனி தொடங்குவார்கள். நிலம், உரிமம், ஒப்பந்தங்கள், கடன் எல்லாம் அதன் பெயரில் இருக்கும். அவர்கள் போடும் மூலதனம் பெரும்பாலும் மொத்தச் செலவில் கால்வாசி, முப்பது சதவீதம், மீதி கடன். 1972இல் வட கடலின் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயலுக்கு பி.பி. நிறுவனம் திரட்டிய கடனை இந்த முறையின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எடுக்கப்போகும் எண்ணெய்தான் அந்தக் கடனுக்கு ஆதாரம்.

‘லிமிடெட்’ என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. தாய் நிறுவனம் முழுதாகத் தப்பிவிடுவதில்லை. கட்டுமானம் முடியும்வரை செலவு கூடினால் மேற்கொண்டு பணம் போடுகிறேன், குறித்தபடி முடித்துத் தருகிறேன் என்று உறுதி கொடுத்திருக்கும். நிலையம் ஓடி, சோதனைகளில் தேறியதும் அந்த உறுதி விலகும். நம் நாட்டில் நிறுவனர்களின் சொந்த ஜாமீனையும் வங்கிகள் கேட்டு வாங்குவதுண்டு. எந்தப் பொறுப்பு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்பதை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது எழுத வராவிட்டால் கோப்பு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, பணம் போகும் வழி. வரும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் கண்பார்வையில் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழும். அதிலிருந்து முதலில் வரி, பிறகு எரிபொருள், சம்பளம், பராமரிப்பு, பிறகு வட்டி, அசல், பிறகு சில மாதத் தவணைக்கான இருப்பு. இவ்வளவும் போக மிஞ்சினால்தான் முதலாளிக்கு லாபப் பங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டு வருமானம் 500 கோடி, செலவும் வரியும் 240 கோடி என்று வையுங்கள். கையில் நிற்பது 260 கோடி. அந்த ஆண்டின் வட்டியும் அசலும் 200 கோடி என்றால், கையில் நிற்பதைத் தவணையால் வகுத்து வரும் டி.எஸ்.சி.ஆர். விகிதம் 1.3, பார்க்கத் தெம்பாக இருக்கும். செலவு அப்படியே இருந்து வருமானம் மட்டும் 10 சதவீதம் குறைந்தால் 1.05. 15 சதவீதம் குறைந்தால் கையில் 185 கோடிதான், தவணை தவறிவிடும். கடன் இவ்வளவு கனமாக இருப்பதால் சிறு சறுக்கலும் பெரிதாக விழும்.

இதைக் கற்க நான் சொல்லும் பாடம் தாபோல். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் என்ரான் தலைமையில், ஜி.இ., பெக்டெல் கூட்டாக எழுந்த மின் நிலையம். இரண்டு கட்டமும் சேர்ந்து 2,000 மெகாவாட்டுக்கு மேல். 1993 டிசம்பரில் மாநில மின் வாரியத்தோடு ஒப்பந்தம். மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்கான கட்டணத்தை வாரியம் கட்டியாக வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதி டாலரோடு பிணைந்திருந்தது. வாரியத்துக்கு மாநில அரசு உத்தரவாதம். முதல் கட்டத்துக்கு அதன்மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதமும் இருந்தது. காகிதத்தில் இதைவிடக் கெட்டியாக ஒன்றைக் கேட்க முடியாது.

1995இல் மாநிலத்தில் ஆட்சி மாறியதும் ஒப்பந்தம் ரத்தானது; மறுபேச்சு நடந்து திட்டம் உயிர் பெற்றது. 1999 மே மாதம் முதல் கட்டம் நாஃப்தாவில் ஓடத் தொடங்கியது. நாஃப்தா விலை ஏறி, ரூபாய் இறங்க, யூனிட் விலை வாரியத்தால் தாங்க முடியாததாயிற்று. வாங்கியது கொஞ்சம், கட்ட வேண்டியது மலையளவு. வாரியம் பணத்தை நிறுத்தியது. 2001 மே மாத இறுதியில் நிலையம் நின்றது. இரண்டாம் கட்டம் முடியும் தறுவாயில் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரானும் திவால். ஐ.டி.பி.ஐ., ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. முதலிய நம் நிறுவனங்களின் பணம் மாட்டிக்கொண்டது. 2005இல் என்.டி.பி.சி.யும் கெயிலும் சேர்ந்து தொடங்கிய புதிய கம்பெனி நிலையத்தை ஏற்றது.

என் முடிவு இது: ஒப்பந்தத்தின் பலம் அதில் கையெழுத்திட்டவர் பணம் கட்டும் வல்லமையைத் தாண்டாது. வாரியம் அந்த விலைக்கு வாங்கி, மக்களிடம் வசூலித்து, காலத்துக்கும் கட்ட முடியுமா என்ற கேள்வியை உத்தரவாதங்கள் மறைத்துவிட்டன. கேட்டவர்கள் இல்லாமலில்லை, இந்தத் திட்டத்துக்குக் கடன் தர உலக வங்கி 1993இலேயே மறுத்துவிட்டது.

வாங்குபவர் என்று ஒருவரே இல்லாத திட்டங்களும் உண்டு. 1994இல் திறந்த இங்கிலாந்து–பிரான்ஸ் கடலடிச் சுரங்கத்தில் பயணிகளும் சரக்கும்தான் வருமானம். கட்டுமானச் செலவு எகிறியது, போக்குவரத்து மதிப்பீட்டை எட்டவில்லை. அடுத்த ஆண்டே வட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சுங்கச்சாவடி வசூலை நம்பும் சாலைக் கோப்பு வந்தால் வாகன எண்ணிக்கை மதிப்பீட்டை இதே சந்தேகத்தோடு பாருங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய திட்ட நிதி விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. அவற்றை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிறகு, முடிந்துபோன பழைய கோப்பு ஒன்றை எடுத்து, அதன் வரவு செலவை ஆண்டுவாரியாக நீங்களே எக்செலில் போடுங்கள். ஆலோசகர் தந்த அட்டவணையைத் திறக்க வேண்டாம். அடுத்த கோப்பு மேசைக்கு வரும்போது, முதலாளியின் பெருமைகளைப் படிக்குமுன் வாங்குபவரின் கடைசி ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.